பொருள்: தனிமை – மெய்த்தன்மை – தொடர்பாக

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான பிறகு ஊருக்குள் அலுவலகங்கள் வந்துகொண்டே இருந்தன. இடம்தான் வரவில்லை. கிடைத்த மாடியையெல்லாம் வாடகைக்குப் பிடித்துப் பலகை மாட்டினார்கள். தனிமை நிவாரண வாரியத்தின் மாவட்டப் பிரிவுக்கு வாய்த்தது ஒரு பழைய கல்யாண மண்டபம். கண்காணிப்பாளர் மணமகன் அறையில் உட்கார்ந்தார். தபாலும் தட்டச்சும் மணமகள் அறையில். கோப்புகள் பந்திக் கூடத்து நீள மேசைகளில், இலை போடும் வரிசையிலேயே அடுக்கப்பட்டிருந்தன. வாசலில் ஜிகினாவில் எழுதிய 'நல்வரவு' பலகையைக் கழற்ற ஒப்பந்தப்புள்ளி கோரியிருந்ததால் அது அங்கேயே தொங்கியது.

வாரியம் என்ன வேலை செய்கிறது என்று வாரியத்துக்கே தெரியாது எனச் சிலர் பேசிக்கொண்டார்கள். அது அபாண்டம். மாவட்டத்தில் எவ்வளவு தனிமை இருக்கிறது என்று கண்டறிந்து, அதைக் குறைத்து, குறைத்ததை மேலிடத்துக்கு அறிக்கையாக அனுப்ப வேண்டும். முதல் வருடம் 'தனிமை: இல்லை' என்று அனுப்பினார்கள். இல்லாததைக் குறைக்க உங்களுக்கு எதற்கு ஆறு பணியிடம் என்று மேலிடம் திருப்பிக் கேட்டது. உடனே மாவட்டம் முழுவதும் தனிமையைத் தேடும் பணி முடுக்கிவிடப்பட்டது. அந்த நேரம் பார்த்துத்தான் ஷாஜாதி கண்ணில் பட்டாள்.

ஷாஜாதியின் கணவர் ஜான் பாஷா கடைவீதியில் ஃபேன்ஸி ஸ்டோர் வைத்திருந்தவர். அவர் மவுத்தாகி மூன்று வருடம். மகள் மாஹிராவை ஆம்பூரில் கட்டிக்கொடுத்திருந்தாள். மாஹிரா தினமும் போன் செய்வாள். "மாத்திர போட்டியாம்மா?" என்பாள். போட்டேன் என்றதும் வைத்துவிடுவாள். கடையை மூடியபோது விற்காத சரக்கு வீட்டுக்கு வந்தது. ரம்ஜான் வாழ்த்து, பொங்கல் வாழ்த்து, புது வருட வாழ்த்து, அவற்றுக்கான கவர்கள், எல்லாமாக ஒன்பது அட்டைப்பெட்டி. கவரை வைத்துக்கொண்டு வேறென்ன செய்ய முடியும்? கடிதம்தான் எழுதலாம். யாருக்கு எழுதுவது என்ற கேள்வியிலிருந்து அந்தத் தொழில் பிறந்தது.

விதிகள் எளியவை. தனியாக இருக்கும் இருவர் தமக்குள் கடிதம் எழுதிக்கொள்ள மாதம் முப்பது ரூபாய். யாருக்கும் பெயர் கிடையாது, நம்பர்தான். உறுப்பினர் எழுதும் கடிதம் ஷாஜாதியின் வீட்டுக்கு வரும். அவள் பதிவேட்டைப் பார்த்து, அதை இன்னொரு கவருக்குள் வைத்து, உரிய விலாசம் எழுதித் தபாலில் சேர்ப்பாள். உள்ளே இருக்கும் கவரைப் பிரிக்க மாட்டாள். பதிவேட்டை யாரிடமும் காட்ட மாட்டாள். இந்த இரண்டையும் ஒவ்வொருவரிடமும் அல்லாஹ் மேல் ஆணையாகச் சொல்லியிருந்தாள்.

ஒன்றாம் நம்பர் ராஜாம்பாள். கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கும் மேலே ஒற்றை வீட்டில் இருப்பவள். புளி விற்க மலை இறங்கி கச்சிராயபாளையம் வந்து, டவுன் பஸ் பிடித்துக் கள்ளக்குறிச்சி வருவாள். கையில் போன் உண்டு, மலையில் டவர் இல்லை. இரண்டாம் நம்பர் பச்சமுத்து, மணலூர்பேட்டையில் கரும்பு போடும் விவசாயி, பெண்சாதியை இழந்தவர். அவருக்கு டவர் உண்டு, கூப்பிட ஆள் இல்லை. இரண்டே மாதத்தில் இருவருக்கும் எழுத்து ஜுரம் கண்டுவிட்டது.

"கரடி வந்த கதைய எட்டுப் பக்கம் எழுதுனேன் பாயம்மா" என்று ஒரு நாள் ராஜாம்பாள் புளி மூட்டையை இறக்கிவைத்தபடி சொன்னாள். "அந்த ரெண்டாம் நம்பரு, கரும்புல பன்னி பூந்த கதைய பதினோரு பக்கத்துக்கு எழுதி அனுப்பிக்குது. சும்மா வுடுவனா? இன்னும் ஒரு கட்டுப் பேப்பரு குடு."

வாரியத்திலிருந்து நோட்டீஸ் வந்தபோது உறுப்பினர்கள் பத்துப் பேர். 'தாங்கள் உரிய அனுமதியின்றித் தனிமையைக் கையாண்டு வருவதாக இவ்வலுவலகத்துக்குத் தெரியவருகிறது' என்று அதில் இருந்தது. ஷாஜாதி புர்காவை மாட்டிக்கொண்டு மண்டபத்துக்குப் போனாள். மணமகள் அறையில் உதவியாளர் செந்தமிழ்ச்செல்வி விண்ணப்பப் படிவத்தை எடுத்தார்.

"தொழிலோட நோக்கம் இன்னாங்க?"

"தனியா இருக்கறவங்கள சேத்து வெக்கறதுங்க."

"அப்ப கல்யாணத் தரகு. அது வேற ஆபீஸு."

"கல்யாணம்லாம் இல்லீங்க மேடம். லெட்டர் எழுதிக்குவாங்க."

"எழுதி?"

"பதிலு வரும்."

"வந்து?"

"படிப்பாங்க."

"படிச்சி?"

ஷாஜாதி யோசித்துப் பார்த்தாள். "அவ்ளோதாங்க."

"அவ்ளோதான்னு கட்டத்துல எழுத முடியாதும்மா" என்று செந்தமிழ்ச்செல்வி வருத்தப்பட்டு, 'இதர' என்று எழுதிக்கொண்டார்.

பிறகு மணமகன் அறை. கண்காணிப்பாளர் நாராயணசாமி நல்ல மனிதர். எதிரில் நாற்காலி போடச் சொன்னார், டீ வாங்கிவரச் சொன்னார்.

"பாருங்கம்மா, தனிமைங்கறது சும்மா ரோட்ல கெடக்கற பொருள் இல்ல. நீங்க பாட்டுக்குப் பத்துப் பேருக்கு கம்மி பண்ணிட்டீங்க. சந்தோசம். ஆனா அது எங்க கணக்குல வருதா? வரலியே. இப்டி ஆளாளுக்கு கம்மி பண்ணிக்கினு போனா, நாங்க இன்னாத்தம்மா கம்மி பண்றது? எங்களுக்கும் புள்ள குட்டி இருக்குதில்ல."

அனுமதி கிடைக்கும், கவலை வேண்டாம் என்றார். உறுப்பினர் ஒவ்வொருவரும் தனிமைச் சான்று வாங்கிவிட்டால் போதுமாம்.

சான்றுக்கு இரண்டு சாட்சிகள் தேவை. விண்ணப்பதாரரை ஐந்து வருடமாக நன்கு அறிந்தவர்களாக, அவரை அடிக்கடி சந்தித்து அவர் யாரையும் சந்திப்பதில்லை என்று உறுதி கூறக்கூடியவர்களாக இருக்க வேண்டும். பச்சமுத்து மணலூர்பேட்டை முழுக்கத் தேடி, பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு பங்காளிகளைக் காலில் விழாத குறையாகக் கூட்டிவந்தார். காலை பத்து மணிக்கு வந்தவர்களை மாலை நாலு மணிக்குத்தான் அழைத்தார்கள். ஆறு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்ததில் மூவரும் பழைய வரப்புச் சண்டையைப் பேசித் தீர்த்து, மதியம் ஒன்றாகப் பிரியாணி சாப்பிட்டு, உள்ளே போகும்போது சிரித்துக்கொண்டே போனார்கள். 'விண்ணப்பதாரர் சாட்சிகளுடன் இணக்கமாக இருந்தது நேரில் காணப்பட்டது. நிராகரிக்கப்படுகிறது.'

ராஜாம்பாளுக்கு மலையில் கள ஆய்வு. நாராயணசாமி தலைமையில் ஐந்து பேர் ஜீப்பில் போனார்கள். வீடு தேடி ஆள் வந்து எத்தனை வருடமாயிற்று என்று ராஜாம்பாளுக்குக் கண் கலங்கிவிட்டது. கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். ஐந்து பேரும் சாப்பிட்டு, மரத்தடியில் படுத்து எழுந்து, ஆளுக்கு ஒரு பை புளி வாங்கிக்கொண்டு இறங்கினார்கள். அறிக்கை மறுநாளே தயாரானது. 'ஆய்வின்போது மனுதாரரின் வீட்டில் மொத்தம் ஆறு பேர் இருந்தனர். தனிமை ஏதும் காணப்படவில்லை.'

இந்த அலைச்சலுக்கு நடுவே ஷாஜாதிக்கு ஒரே ஆறுதல் பதினோராம் நம்பர். நோட்டீஸ் வந்த அடுத்த வாரம் தபாலட்டை போட்டுச் சேர்ந்தவர். பெயர் இளமாறன், எலவனாசூர்கோட்டை, சர்க்கரை ஆலை எடைமேடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். பத்துப் பேரும் ஜோடி ஜோடியாகச் சேர்ந்துவிட்டதால் அவருக்கு எழுத ஆள் இல்லை. சேர்ந்தவரைக் காக்கவைக்கக் கூடாதே என்று, ஷாஜாதி தானே பன்னிரண்டாம் நம்பராகி எழுதத் தொடங்கினாள்.

வியாழக்கிழமை தவறாமல் கடிதம் வந்தது. பெரிதாக ஒன்றும் இருக்காது. வெயில் அதிகம் என்பார், முட்டிவலி குறைந்ததா என்பார். கடைசியில் மட்டும் ஒரு வரி: 'நீங்கள் சாப்பிட்டிருப்பீர்களா என்று நினைத்துக்கொண்டே நான் சாப்பிட்டேன்.' அந்த வரியை முதல்முறை படித்த அன்று ஷாஜாதி அடுப்படியில் நின்றபடி சாப்பிடும் வழக்கத்தை விட்டாள். தட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து சாப்பிட்டாள்.

அவளுக்கு ஓரம் விடாமல் எழுதும் பழக்கம். தாளை வீணாக்கக் கூடாது என்று இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்புவரை எழுதுவாள். பாஷா கடைசியாக ஆஸ்பத்திரியில் என்ன கேட்டார் என்பதைக்கூட எழுதினாள். அதை மாஹிராவிடமே சொன்னதில்லை. மூன்றாம் மாதம் கடிதத்தில் கையெழுத்து மாறியிருந்தது. மணிக்கட்டில் வலி, அதனால்தான், என்று அவர் காரணம் எழுதியிருந்தார். ஷாஜாதி துடித்துப்போய் நாட்டுமருந்துக் கடையில் தைலம் வாங்கி, 'படுக்கும்போது தடவவும்' என்று புட்டியில் துண்டுச் சீட்டு ஒட்டிப் பார்சலில் அனுப்பினாள். 'மிகவும் பயனுள்ளதாக இருந்தது' என்று பதில் வந்தது. ஐந்தாம் மாதம் கையெழுத்து மறுபடி மாறியது. பாவம், இடது கையால் எழுதுகிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

ஏழாம் மாதம் நாராயணசாமி அவளை அழைத்தார். சான்றெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம், உறுப்பினர் பதிவேட்டை மட்டும் ஒப்படைத்துவிட்டால் அனுமதி ஆணை தயார் என்றார்.

"யார்ட்டயும் காட்ட மாட்டேன்னு சத்தியம் பண்ணிக்கிறங்க சார்."

"அரசாங்கம் எப்பம்மா யார் ஆச்சி? தனியாளுகிட்ட காட்டுனாதாம்மா தப்பு. அலுவலகத்துல ஆளுன்னு யாரு இருக்கறா, சொல்லுங்க?"

ஷாஜாதி முடிவெடுக்க முடியாமல் வீட்டுக்கு வந்தாள். யாரைக் கேட்பது? பதினோராம் நம்பரைக் கேட்டாள். நான்கு பக்கம் எழுதினாள். அந்த வியாழக்கிழமையே பதில் வந்தது. 'தயங்காமல் ஒப்படையுங்கள். அலுவலகத்தில் இருப்பவர்கள் மிகவும் நல்லவர்கள். என்னை நம்பி ஒப்படையுங்கள்.' அலுவலகத்தை அவள் நம்பவில்லை. அவரை நம்பினாள். மறுநாள் பதிவேட்டைத் துணிப்பையில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்து, ரசீதும் வாங்கிவந்தாள்.

மூன்று வாரம் கழித்து ராஜாம்பாள் வந்தாள். புளி மூட்டை இல்லை. வாசலிலேயே நின்றுகொண்டு இரண்டு காகிதங்களை நீட்டினாள். முதலாவது வாரியத்தின் சுற்றறிக்கை, இனிக் கடிதங்களை நேராக வாரியத்துக்கே அனுப்ப வேண்டும் என்பது. இரண்டாவது பச்சமுத்துவின் கடிதம். கவர் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பக்கத்திலும் 'பார்வையிடப்பட்டது' என்று ஊதா முத்திரை. கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு: 'பன்றி தொடர்பான பகுதி வனத்துறைக்கு அனுப்பப்படுகிறது. இரு தரப்பிலும் தனிமை இல்லாததால் தொடர்பு இத்துடன் முடித்துவைக்கப்படுகிறது.'

"பிரிக்க மாட்டேன்னு நீதான சொன்ன?" என்றாள் ராஜாம்பாள். குரல் உயரவில்லை. "அந்தாளு அவரு பொஞ்சாதியப் பத்தி எழுதிக்கிறாரு. அதும்மேல முத்திர குத்திக்கினு வந்துக்குது. அவரு இன்னா நெனப்பாரு என்னிய?"

"நான் பிரிக்கல ராஜாம்பா. அல்லா மேல..."

"அல்லாவ வுடு பாயம்மா. நம்பரு புஸ்தகத்த யாரு குடுத்தது?"

ராஜாம்பாள் மடியிலிருந்து மிச்சமிருந்த கவர்களை எடுத்துப் படியில் வைத்தாள். "இனிமே உன் கவரு எனக்கு வாணாம்" என்று சொல்லிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிப் போனாள்.

ஷாஜாதி செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் மண்டபத்துக்கு ஓடினாள். அனுமதி கேளாமல் மணமகன் அறைக்குள் நுழைந்தாள். வாயைத் திறப்பதற்கு முன்னால் மூக்கில் அந்த வாசனை ஏறியது. நாராயணசாமி மேசைமேல் காலைத் தூக்கிவைத்து முட்டியில் தைலம் தடவிக்கொண்டிருந்தார். புட்டியில் துண்டுச் சீட்டு இருந்தது. 'படுக்கும்போது தடவவும்.' அவள் கையெழுத்து.

"வாங்கம்மா, வாங்க" என்று அவர் காலை இறக்கினார். "நானே ஆள் அனுப்பலாம்னு இருந்தன். உங்க கோப்பு முடிஞ்சிடுச்சி."

"இது... இளமாறன் சாருக்கு அனுப்புனதுங்க."

"ஆமாமா. பிரிவுக்கு வந்துது."

"அவரு எங்க?"

"எவரு?" நாராயணசாமிக்கு நிஜமாகவே புரியவில்லை. "ஓ, இளமாறனா! அது எங்க பழைய வாட்ச்மேன் பேருமா. ரிட்டயர் ஆயிட்டாரு. பேரு சும்மாதான இருக்குதுன்னு எடுத்துக்கினோம், அவரு வீட்டுக்கு வர்ற தபாலு இங்க வந்துரும். ஒரு தொழிலுக்கு அனுமதி குடுக்கறதுன்னா மாதிரி எடுத்துப் பாக்கணும் இல்லீங்களா? பால்ல தண்ணி கலந்துக்குதான்னு பாக்கற மாதிரி."

"அப்ப எட்டு மாசமா எனக்கு எழுதுனது யாருங்க?"

"பிரிவு."

அவர் நாற்காலியை நகர்த்திப் போட்டார்.

"ஒக்காருங்கம்மா. மொத ரெண்டு மாசம் பழனின்னு ஒருத்தரு எழுதுனாரு, மாறுதல்ல போய்ட்டாரு. அப்பறம் செல்வி மேடம். நடுவுல அந்த இருக்கையில ஆளே இல்ல, நானே கூடுதல் பொறுப்பா பாத்துக்கினேன். ஒரு வியாழக்கெழம தவற வுட்டோமா சொல்லுங்க? வேற எந்த ஆபீஸ்ல இப்டி டாண்ணு பதிலு வரும்?"

"என்னிய ஏமாத்திட்டீங்களே சார்."

நாராயணசாமியின் முகம் வாடிவிட்டது. உண்மையில் வருந்தினார். "அப்டி சொல்லாதீங்கம்மா. ஏமாத்தணும்னா ஒரு ஆளு வேணும். இங்க ஆளே இல்லியே. வர்ற தபாலுக்குப் பதிலு போடறோம், அவ்ளோதான். உங்களப் பத்தி எவ்ளோ நல்லா எழுதிக்கிறோம் தெரியுமா?"

செந்தமிழ்ச்செல்வி பந்திக் கூடத்திலிருந்து கோப்பைக் கொண்டுவந்து விரித்தார். ஷாஜாதியின் முப்பத்தொரு கடிதங்களும் தேதி வரிசையில் இருந்தன. இடது ஓரத்தில் ஓட்டை போட்டு நூலில் கோத்திருந்தார்கள். அவள்தான் ஓரம் விடாமல் எழுதுகிறவளாயிற்றே. ஒவ்வொரு தாளிலும் இரண்டு மூன்று சொற்கள் ஓட்டையில் போயிருந்தன. ஆஸ்பத்திரியைப் பற்றி எழுதியிருந்த பக்கத்தில் 'பாஷா' இருந்த இடத்தில் நூல் இருந்தது.

கடைசித் தாளில் பிரிவின் குறிப்பு: 'மனுதாரர் மெய்யாகவே தனிமையில் உள்ளார் என்பது அவரது கடிதங்கள் வாயிலாக ஐயமற நிரூபணமாகிறது. எனவே அவர் ஒரு பயனாளி ஆவார். பயனாளியே நிவாரணம் வழங்குவது விதிகளுக்கு முரண் என்பதால் தொழில் அனுமதி மறுக்கப்படுகிறது.' கீழே பச்சை மையில் 'ஏற்கப்பட்டது.'

"மத்த பத்து பேரும் தேறலம்மா" என்று நாராயணசாமி குனிந்து மெதுவாகச் சொன்னார். "உண்மையச் சொல்றன், மாவட்டத்துக்கே நீங்க ஒருத்தருதான் எங்களுக்கு. 'தனிமை: ஒன்று. நிவாரணம்: நடைபெற்று வருகிறது'ன்னு அறிக்க போயிடுச்சி. உங்களுக்கும் கொறஞ்சிடுச்சின்னு வைங்க, பிரிவையே மூடிருவாங்க. தயவுசெஞ்சி இப்டியே இருங்கம்மா."

"நீங்க சாப்ட்டிருப்பீங்களான்னு நெனச்சிக்கினே சாப்ட்டேன்னு எழுதுனது?" அவளுக்கு அது ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது. "அது உங்கள்ல யாருங்க எழுதுனது?"

நாராயணசாமி செல்வியைப் பார்த்தார். செல்வி தலையைக் குனிந்துகொண்டு, "மாதிரிப் படிவம் மூணுங்க" என்றார். "அச்சடிச்சி வந்தது. எல்லா மாவட்டத்துக்கும் அதே வரிதான்."

ஷாஜாதிக்கு அழுகை வரவில்லை, அவமானம்தான் வந்தது. இந்த ஒரு வரியை நம்பித்தானே ராஜாம்பாளைக் காட்டிக்கொடுத்தோம் என்று நெஞ்சு எரிந்தது. கடிதங்களைத் திருப்பிக் கேட்டாள். நகல் வேண்டுமென்றால் மனு போடச் சொன்னார்கள். தைலத்தையாவது கொடுங்கள் என்றாள். அது இருப்புப் பதிவேட்டில் ஏறிவிட்டதாம். புறப்படும்போது மாவட்டத்தின் முதல் பயனாளி என்று அவளுக்கு ஒரு சால்வை போர்த்திப் படம் எடுத்துக்கொண்டார்கள். பின்னணியில் 'நல்வரவு' பலகை அழகாக விழுந்திருந்தது.

பச்சமுத்துவுக்குத் தன் கைப்படவே மன்னிப்புக் கேட்டு எழுதினாள். கவர் பிரிக்கப்படாமல் திரும்பி வந்தது.

அடுத்த வியாழக்கிழமை அவள் கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டுத்தான் சமைத்தாள். யார் வந்தாலும் திறப்பதில்லை என்று இருந்தாள். பதினொன்றரைக்குத் தபால்காரரின் மணி கேட்டபோது எழுந்து போய்த் திறந்தாள். தன் கால் தன் பேச்சைக் கேட்காததைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. எழுதுவதை நிறுத்தச் சொல்லி ஆணை ஏதும் வராததால் பிரிவு எழுதிவிட்டிருந்தது. கையெழுத்து புதிது, பிள்ளைத்தனமாகக் கோணல்மாணலாக இருந்தது. யாரோ புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்க வேண்டும். வெயில் அதிகம். முட்டிவலி குறைந்ததா. நீங்கள் சாப்பிட்டிருப்பீர்களா என்று நினைத்துக்கொண்டே நான் சாப்பிட்டேன்.

ஷாஜாதி அடுப்படிக்குப் போய், நின்றபடியே சாப்பிட்டு முடித்தாள். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து ஒரு தாளை எடுத்தாள். இடது பக்கம் ஓட்டை போடுவதற்கு இரண்டு விரல் இடம் விட்டு எழுதத் தொடங்கினாள்.

'பொருள்: மதிய உணவு – உண்ணப்பட்டது – தொடர்பாக.'